கணினித் திரையில் துள்ளும் அறிவிப்புகளை அடக்குவது எப்படி?

திரையின் ஓரத்தில் ஏதாவது அசைந்தால், எதிரே எவ்வளவு அவசரமான வேலை இருந்தாலும் கண் அந்தப் பக்கம் போய்விடுகிறது. விழித்திரையின் விளிம்புப் பகுதி எழுத்தைப் படிக்க உதவாது. ஆனால் அசைவைக் கண்டுகொள்வதில் அது மிகக் கூர்மையானது. ஆகவே செய்தி வருவதையே தடுக்கும் முன், அது ஆடிக்கொண்டு வருவதைத் தடுத்துப் பார்ப்பது நல்லது. விண்டோஸ் 11-இல் இதற்கென ஒரே சுவிட்ச் கிடையாது. வலது கீழ் மூலையில் சறுக்கி வரும் பேனர், டாஸ்க்பாரில் மினுக்கும் ஐகான், செயலிக்குள்ளேயே ஆடும் படம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி அமைப்புகள் இருப்பதால், உங்களைத் தொந்தரவு செய்வது எது என்பதை முதலில் கவனித்துக்கொள்ளுங்கள்.

மூன்றில் மிகவும் பிடிவாதமானது டாஸ்க்பார் மினுக்கல்தான். பேனராவது சில நொடிகளில் தானாகப் போய்விடும். மினுக்கும் ஐகானோ சில முறை விட்டுவிட்டு ஒளிர்ந்தபின், நீங்கள் அதைச் சொடுக்கித் திறக்கும்வரை சிவந்த நிறத்திலேயே நின்றுவிடும். டாஸ்க்பார் தானாக மறையும்படி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் மோசம்: மறைந்திருந்த பட்டை மேலெழுந்து, நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் கடைசி வரியை மூடிக்கொண்டு நிற்கும். இதை நிறுத்த, விண்டோஸ் விசையுடன் 'ஐ' (I) எழுத்தை அழுத்தி 'செட்டிங்ஸ்' திறந்து, 'பர்சனலைசேஷன்', பிறகு 'டாஸ்க்பார்', அதன் அடியில் உள்ள 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' என்று சென்று, 'ஷோ ஃப்ளாஷிங் ஆன் டாஸ்க்பார் ஆப்ஸ்' என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அதே பகுதியில் 'ஷோ பேட்ஜஸ்' என்றொரு கட்டமும் இருக்கும். அதை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. படிக்காத செய்திகள் எத்தனை என்று ஐகானின் மூலையில் தெரியும் எண் அசைவதில்லை. நாமாகப் பார்க்கும்போது தகவலைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது பேனரின் சறுக்கல். 'செட்டிங்ஸ்' பக்கத்தில் 'அக்சஸிபிலிட்டி', அதற்குள் 'விஷுவல் எஃபெக்ட்ஸ்' சென்று 'அனிமேஷன் எஃபெக்ட்ஸ்' என்பதை அணைத்தால், பேனர் மட்டுமல்லாமல், சன்னல்கள் சுருங்குவதும் விரிவதும்கூட அசைவின்றி நடக்கும். முதல் நாள் திரை கொஞ்சம் வெடுக்கென்று இருப்பதாகத் தோன்றலாம், சீக்கிரமே பழகிவிடும். இந்த அமைப்புக்குக் கூடுதல் பலனும் உண்டு. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய உலாவிகள் இதைக் கவனித்து, 'இவர் அசைவைக் குறைத்துக் கேட்கிறார்' என்று இணையதளங்களுக்குத் தெரிவிக்கின்றன. அதை மதித்து எழுதப்பட்ட தளங்கள் தங்கள் ஆட்டத்தையும் குறைத்துக்கொள்ளும். அசைவைப் பார்த்தால் தலைசுற்றல் வருபவர்களுக்கு இது வெறும் வசதியல்ல, தேவை. அதே பக்கத்தில் அறிவிப்பு எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்பதையும் மாற்றலாம். குறைந்த அளவான 5 நொடியே போதுமானது.

பேனரே வேண்டாம் என்று தோன்றும் செயலிகளுக்கு, 'சிஸ்டம்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று சென்று அந்தச் செயலியின் பெயரைச் சொடுக்குங்கள். அங்கே 'ஷோ நோட்டிஃபிகேஷன் பேனர்ஸ்' என்பதை மட்டும் நீக்கிவிட்டு, நோட்டிஃபிகேஷன் சென்டரில் காட்டுவதற்கான கட்டத்தை விட்டுவைத்தால், செய்திகள் ஓசைப்படாமல் சேர்ந்துகொண்டிருக்கும். விண்டோஸ் விசையுடன் 'என்' (N) எழுத்தை அழுத்தி நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். ஒலி வந்தால் அதற்கும் அங்கேயே தனிச் சுவிட்ச் இருக்கிறது. ப்ரொஜெக்டரில் கணக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போது குடும்பக் குழுவின் காலை வணக்கம் எல்லோர் முன்னிலும் வந்து நிற்காமலிருக்க, அதே பக்கத்தில் 'டூ நாட் டிஸ்டர்ப்' தானாக இயங்குவதற்கான பகுதியில், திரையை நகலெடுத்துக் காட்டும் நேரத்துக்கான கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நிரந்தரமாக எதையும் மாற்ற விரும்பாதவர்களுக்கு 'சிஸ்டம்' பகுதியிலுள்ள 'ஃபோகஸ்' ஏற்றது. எத்தனை நிமிடம் என்று குறித்துத் தொடங்கினால், அந்த நேரம் முடியும்வரை மினுக்கலையும் எண்களையும் மறைத்து, பேனர்களையும் நிறுத்திவைக்கும்; பிறகு எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

டாஸ்க்பார் ஓரத்தில் வானிலையும் செய்தியும் மாறிமாறிக் காட்டும் 'விட்ஜெட்ஸ்' பலருக்கும் பயன்படுவதே இல்லை. டாஸ்க்பார் அமைப்பிலேயே அதை அணைத்துவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது ஆடினால், அது செயலிக்குள் இருக்கிறது என்று பொருள். விண்டோஸ் அமைப்பு அங்கே எட்டாது. உதாரணமாக, அலுவலக உரையாடல் செயலியான ஸ்லாக்கில் ஜிஃப் படங்களும் இமோஜிகளும் தாமாக ஓடுவதை அதன் 'ப்ரிஃபரன்ஸஸ்' பக்கத்தில் 'அக்சஸிபிலிட்டி' பகுதியில் நிறுத்த வேண்டும். மேக் கணினியில் கீழே டாக்கில் துள்ளும் ஐகானுக்கும் இதே கதைதான்: அங்குள்ள 'ரெட்யூஸ் மோஷன்' என்ற அமைப்பு திரையின் பெரிய அசைவுகளைக் குறைக்குமே தவிர, அந்தத் துள்ளலை நிறுத்த, துள்ளுகிற செயலியின் சொந்த அறிவிப்பு அமைப்பைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும்.