ஒரு பந்து, கொஞ்சம் சணல், நாலு முட்டை: வகுப்புத் தோழர்களுக்குச் சந்திரயான்-3 நடத்துவது எப்படி?

ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி நாள். அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். இந்த இரண்டு சமயத்திலும் அறிவியல் ஆசிரியர் வகுப்பில் ஒருவரைப் பிடித்து, "நாளைக்கு நீ விண்வெளி பத்தி ஒரு பீரியட் எடுக்கிற" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அப்படி மாட்டிக்கொண்டவருக்காகத்தான் இந்தப் பதிவு.

நான் மாட்டியது பத்தாம் வகுப்பில். ஸ்புட்னிக்கில் தொடங்கிச் செவ்வாய் வரைக்கும் ஒரு சார்ட்டில் எழுதி, அதைப் பார்த்து வாசித்தேன். பத்தாவது நிமிடத்தில் கடைசி பெஞ்சில் புக் கிரிக்கெட் ஆரம்பமாகிவிட்டது. முடிக்கும்போது ஒரே ஒரு கை உயர்ந்தது. "டேய், அமெரிக்காக்காரன் நாலு நாள்ல நிலாவுக்குப் போய்ட்டான். நம்மாளு மட்டும் ஏன்டா நாப்பது நாள் சுத்திச் சுத்திப் போனான்?" என் சார்ட்டில் பதில் இல்லை. அந்த ஒரு கேள்வியை வைத்தே முழு பீரியடையும் ஓட்டியிருக்கலாம் என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. அதற்குப் பிறகு நாலைந்து வகுப்புகளில் நடத்தித் தேறிய முறை இது.

வேண்டிய பொருட்கள்: ஒரு பேஸ்கட் பால், ஒரு டென்னிஸ் பந்து, பத்து மீட்டர் சணல் கயிறு, ஒரு கைக்குட்டை, சாக்பீஸ், நாலு முட்டை (உடைந்த குழுக்களுக்குக் கொடுக்கக் கூடுதலாகச் சில), ஸ்ட்ரா ஒரு கட்டு, பழைய நாளிதழ், செலோ டேப். புரொஜெக்டர் வேண்டாம். இருந்தாலும் வேண்டாம். விளக்கை அணைத்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

படி 1: ஒரு பயணம் போதும்

விண்வெளி என்று மொத்தமாக எடுத்தால் நாற்பது நிமிடத்தில் பெயர்ப் பட்டியல்தான் வாசிக்க முடியும். ஒரே ஒரு பயணத்தை எடுங்கள். நான் எடுப்பது சந்திரயான்-3. 2023 ஜூலை 14 பிற்பகல் 2.35க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. ஆகஸ்ட் 23 மாலை 6.04க்கு நிலவில் இறங்கியது. இந்த இரண்டு தேதியையும் கரும்பலகையின் இரண்டு முனைகளில் எழுதி, நடுவில் காலியாக விடுங்கள். அந்த இடத்தை நிரப்புவதுதான் வகுப்பு.

படி 2: நிலாவை எங்கே வைப்பீர்கள்?

பேஸ்கட் பாலை மேசைமேல் வையுங்கள். இதுதான் பூமி. டென்னிஸ் பந்து நிலா. பூமி 24 செ.மீ. அகலம் என்றால் நிலா ஆறரை செ.மீ. வரும், டென்னிஸ் பந்து ஏறக்குறைய அதே அளவு. கணக்கை இப்போது சொல்லாதீர்கள். ஒருவரைக் கூப்பிட்டு, "நிலா எவ்வளவு தூரத்துல இருக்கும்? அங்க போய் நில்லு" என்று மட்டும் சொல்லுங்கள்.

பெரும்பாலானோர் ஒரு முழத்தில் நிற்பார்கள். கொஞ்சம் துணிச்சல்காரர் அடுத்த மேசை வரை போவார். பாடப்புத்தகப் படங்களில் பூமியும் நிலவும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரிதானே இருக்கின்றன. வகுப்பு முழுக்க "இன்னும் பின்னாடி போ", "போதும் நில்லு" என்று கத்தட்டும். சத்தம் வந்தால் வகுப்பு உங்கள் கையில் என்று அர்த்தம்.

இப்போது சணலை எடுத்துப் பேஸ்கட் பாலின் இடுப்பைச் சுற்றி ஒன்பதரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றுங்கள். சத்தமாக எண்ணிக்கொண்டே சுற்றவேண்டும். பிறகு கயிற்றை அவிழ்த்து நேராக நீட்டினால் அதன் மறுமுனைதான் நிலா இருக்கும் இடம். ஏழு மீட்டருக்கு மேல் வரும்! பல வகுப்பறைகளில் இடம் போதாமல் டென்னிஸ் பந்துக்காரர் வராண்டாவில் போய் நிற்பார். பூமியின் சுற்றளவு 40,075 கி.மீ., நிலவின் சராசரித் தூரம் 3,84,400 கி.மீ. என்ற எண்களை அவர் வராண்டாவில் நிற்கும்போது சொல்லுங்கள். அப்போதுதான் ஒட்டும். பேஸ்கட் பால் இல்லையென்றால் எந்தப் பந்தும் ஆகும், சுற்றுக் கணக்கு மாறாது.

கயிற்றைச் சுருட்டிவிடாதீர்கள், இன்னும் வேலை இருக்கிறது. ஒரு பென்சிலைப் பந்தின்மேல் படுக்க வையுங்கள். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் உயரம் அந்தப் பென்சிலின் பருமன்தான். ஏறக்குறைய 400 கி.மீ. அடுத்து, பந்திலிருந்து 69 செ.மீ. தள்ளிக் கயிற்றில் ஒரு முடிச்சு. எல்விஎம்-3 ராக்கெட் சந்திரயானைக் கொண்டுபோய் விட்ட பாதையின் உச்சி அது, 36,500 கி.மீ. ராக்கெட்டே நிலாவரைக்கும் போனது என்று நினைத்தவர்கள் இங்கே முழிப்பார்கள். ஏழு மீட்டரில் ராக்கெட் கொண்டுபோய்விட்டது இரண்டேகால் அடிதான்.

படி 3: மிச்சத் தூரத்துக்கு ஊஞ்சல்

என்னை மடக்கிய கேள்வியை இந்த இடத்தில் நீங்களே கேட்டுவிடுங்கள். அமெரிக்காவின் அப்பல்லோ-11 கிளம்பியது 1969 ஜூலை 16, இறங்கியது ஜூலை 20. நமக்கு மட்டும் ஏன் நாற்பது நாள்?

ஊஞ்சலில் தம்பியை உட்காரவைத்து ஒரே தள்ளில் உச்சிக்கு அனுப்பலாம், அதற்குப் பெரிய ஆள் வேண்டும். அப்பல்லோவுக்கு அப்படியொரு பெரிய ஆள் இருந்தார்: சாட்டர்ன்-5 ராக்கெட், கிளம்பும்போது 2,900 டன் சொச்சம். நம் எல்விஎம்-3 ஏறக்குறைய 640 டன். சின்ன ஆள் என்ன செய்வார்? ஊஞ்சல் தன்னிடம் திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும் சரியான நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார். சந்திரயான் பூமிக்கு அருகில் வரும்போதெல்லாம் எஞ்சினைச் சிறிது நேரம் இயக்கினார்கள். ஒவ்வொரு முறையும் பாதையின் மறுமுனை இன்னும் தூரம் போனது. இப்படி ஐந்து தடவை. கடைசியில் மறுமுனை ஒன்றேகால் லட்சம் கி.மீ.க்கும் மேல் போனபிறகு, ஆகஸ்ட் 1 அன்று நிலவை நோக்கி ஒரு தள்ளு. ஆகஸ்ட் 5 அன்று நிலவின் சுற்றுப்பாதைக்குள் போய்விட்டது.

இதைத் தரையில் சாக்பீஸால் நீள்வட்டங்களாக வரைந்து ஒருவரை நடக்கவிடுங்கள். பந்துக்கு அருகில் வரும்போது மட்டும் வகுப்பு கைதட்டவேண்டும், தட்டினால் அவர் அடுத்த பெரிய வட்டத்துக்கு மாறவேண்டும். ஐந்து நிமிடத்துக்குமேல் இழுக்காதீர்கள்.

படி 4: கண்கட்டி லேண்டர்

இதுவரை நான் நடத்தியதில் எங்குமே சொதப்பாத பகுதி இது. ஒருவருக்குக் கைக்குட்டையால் கண்ணைக் கட்டுங்கள். அவர்தான் விக்ரம், அதாவது சந்திரயான்-3இல் நிலவில் இறங்கிய கலம் (லேண்டர்). வழியில் நாலு ஸ்கூல் பையைப் பள்ளம், பாறை என்று போடுங்கள். இன்னொருவர் பெங்களூருக் கட்டுப்பாட்டு அறை. அவர் நேரடியாகக் கத்தக்கூடாது. கட்டளையை நடுவில் நிற்பவர் காதில் சொல்லவேண்டும், நடுவில் நிற்பவர் மனசுக்குள் "ஒன்று, இரண்டு" என்று எண்ணிவிட்டுத்தான் விக்ரமிடம் சொல்லவேண்டும். ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் போனாலும் நிலவுக்கு ஒன்றேகால் நொடிக்குமேல் ஆகும். பதில் திரும்பி வர இன்னொரு ஒன்றேகால்.

ஒருமுறை "நில்லுடா" என்ற கட்டளை வந்து சேர்வதற்குள் எங்கள் விக்ரம் டிபன் பாக்ஸ் இருந்த பையில் இடறிச் சாம்பார் கொட்டிவிட்டது. அதற்குப் பிறகு காலிப் பைகளை மட்டும் போடுகிறேன்.

இடறி முடித்ததும் எண்களைச் சொல்லுங்கள். இறங்க ஆரம்பிக்கும்போது விக்ரம் 30 கி.மீ. உயரத்தில், நொடிக்கு 1.68 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் சென்னையிலிருந்து மதுரைக்கு ஐந்து நிமிடம்கூட வேண்டாம். இவ்வளவு வேகத்தில் போகும் ஒன்றைத் தாமதமாக வந்துசேரும் கட்டளைகளை நம்பி இறக்க முடியுமா? முடியாது. அதனால் கடைசிப் பத்தொன்பது நிமிடம் விக்ரமே முடிவெடுத்தது. பெங்களூரில் இருந்தவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இப்போது கண்கட்டை அவிழ்த்துவிட்டு அதே ஆளை நடக்கச் சொல்லுங்கள். விக்ரமின் கேமராக்கள் செய்தது அதைத்தான்: தரைக்கு மேலே 150 மீட்டர் உயரத்தில் சற்று நின்று, பள்ளமில்லாத இடம் பார்த்து இறங்கியது.

படி 5: முட்டை, பாராசூட் இல்லாமல்

இதற்கு அடுத்த நாள் ஒரு பீரியட் கேட்டு வாங்குங்கள். முட்டையை உடையாமல் இறக்கும் போட்டி எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது, எல்லாரும் பாலித்தீன் பையில் பாராசூட் கட்டி மாடியிலிருந்து போடுகிறார்கள். நிலவில் காற்று இல்லையே, பாராசூட் எதைப் பிடித்துக்கொண்டு விரியும்? எனவே ஸ்ட்ரா, நாளிதழ், டேப் மட்டும். முட்டைக்குக் கால்கள் செய்யவேண்டும்.

மாடி ஏறவும் வேண்டாம். வேகத்தின் பெரும்பகுதியை எஞ்சின்களே குறைத்துவிடும், கால்களுக்கு வருவது கடைசி அடி மட்டும்தான். சந்திரயான்-3இன் கால்கள் நொடிக்கு 3 மீட்டர் வேகம் வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. நம் பூமியில் ஒரு பொருள் அந்த வேகத்தை அடைய 46 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்தால் போதும். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், வகுப்பு பெஞ்சின் உட்காரும் பலகை ஏறக்குறைய அந்த உயரம்தான். முதலில் ஒரு முட்டையைக் கால் இல்லாமல் போட்டுக் காட்டுங்கள் (கீழே நாளிதழ் விரிக்க மறந்தால் நீங்கள்தான் துடைக்கவேண்டும்). மிச்சம் மூன்று குழுக்களுக்கு.

உடைந்த குழுவை விட்டுவிடாதீர்கள், இன்னொரு முட்டை கொடுங்கள். 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2இன் விக்ரம் விழுந்து நொறுங்கியதை இங்கே சொல்லலாம். அதற்கு இறங்கக் குறித்திருந்த இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர். அடுத்த முறை 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. என்று பெரிதாக்கினார்கள். கால்கள் தாங்கும் வேகத்தை 2 மீட்டரிலிருந்து 3 ஆக்கினார்கள். உங்கள் குழுவும் எதை மாற்றினோம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இரண்டாவது முட்டையை வாங்கவேண்டும்.

முட்டை விழும் தரைக்கும் ஒரு கதை உண்டு. லேண்டரைச் சோதிக்க நிலவு மண் போன்ற மண் தேவைப்பட்டபோது அது கிடைத்தது நாமக்கல் மாவட்டத்தில், சித்தம்பூண்டிப் பக்கம். அங்குள்ள அனார்த்தசைட் பாறை நிலவின் மேட்டு நிலப் பாறையை ஒத்தது. சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், டிப்ளமோ படித்துவிட்டுப் பொறியியலுக்குப் போனவர். உங்கள் வகுப்பில் பாலிடெக்னிக் போக நினைப்பவர் ஒருவராவது இருப்பார், அவர் காதில் விழும்படி சொல்லுங்கள்.

படி 6: இந்த மூன்றில் வழுக்காதீர்கள்

யாராவது எழுந்து கேட்பார்கள். "தென் துருவத்தில் இறங்கியது" என்று சொல்லாதீர்கள். இறங்கிய இடம் 69 டிகிரி தெற்கு, துருவம் அங்கிருந்து இன்னும் 600 கி.மீ.க்கு மேல். "நிலவின் இருட்டுப் பக்கம்" என்பதும் தப்பு, நம்மைப் பார்க்கும் பக்கம்தான் அது. விக்ரமிலிருந்து இறங்கி ஓடிய சின்ன வண்டி (ரோவர்) பிரக்யான் இப்போது ஓடவில்லை. நூறு மீட்டருக்குமேல் ஓடி, மண்ணில் கந்தகம் இருப்பதை உறுதிசெய்துவிட்டு, நிலவின் பகல் முடியும்போது தூங்கவைக்கப்பட்டது. அந்த இரவுக் குளிருக்குப் பிறகு எழவில்லை.

வேறு ஏதாவது கேட்டுப் பதில் தெரியாவிட்டால், பலகையின் ஓரத்தில் கேள்வியை எழுதிக் கேட்டவர் பெயரையும் போட்டுவிடுங்கள். அடுத்த வகுப்பில் பதில் சொல்வது உங்கள் கடன்.

படி 7: ராத்திரி வீட்டுப்பாடம்

பௌர்ணமியன்று நிலா எழும்பும்போது கிழக்கே பார்த்து நிற்கச் சொல்லுங்கள். இணையத்தில் கிடைக்கும் நிலாப் படங்களில் தெற்கு கீழே இருக்கும். நம் ஊரில் எழும்பும் நிலா பக்கவாட்டில் சாய்ந்திருக்கும், அதன் தெற்கு நம் வலப்பக்கம். வலப்பக்கத்தில் வெள்ளைக் கோடுகள் தெறித்ததுபோல ஒரு பொட்டு தெரிந்தால் அது டைக்கோ என்ற பள்ளம். பைனாகுலர் இருந்தால் நன்றாகவே தெரியும். அங்கிருந்து வலது ஓரத்தை நோக்கிப் போய், சற்று மேலே ஏறினால் விக்ரம் நிற்கும் பகுதி. விக்ரம் கண்ணுக்குத் தெரியாது, அதை முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

மறுநாள் காலையில் "பாத்தேன்டா" என்று ஓடிவருபவரிடம் எந்தப் பக்கம் பார்த்தாய் என்று கேளுங்கள். "அடியில" என்று சொன்னால் அவர் பார்த்தது போனில் இருந்த நிலாவை.