பார்படாஸ் 5 டாலர் நோட்டைப் பார்ப்பது எப்படி

கப்பலில் வேலை செய்யும் தங்கச்சி மகன் கிருஷ்ணகிரிக்கு வந்தபோது கொடுத்த நோட்டு இது. 2022 டிசம்பரில் வெளியான பாலிமர் வரிசை, அதாவது காகிதத்துக்குப் பதில் பிளாஸ்டிக்கில் அச்சிட்ட நோட்டு.

முதலில் சன்னல் பக்கம் தூக்கிப் பிடியுங்கள். கண்ணாடி மாதிரி ஊடுருவும் பகுதி தெரியும். அடுத்து முகம்: மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் கேப்டனாக இருந்த ஃபிராங்க் வொரல். 1962-இல் பார்படாஸில் தலையில் பந்து பட்டு உயிருக்குப் போராடிய நம் இந்திய அணி கேப்டன் நாரி கான்ட்ராக்டருக்கு ரத்தம் கொடுத்தவர். இதைச் சொல்லாமல் நான் யாருக்கும் நோட்டைக் காட்டுவதில்லை. திருப்பினால் த்ரீ டபிள்யூஸ் ஓவல் மைதானம். வொரல், வீக்ஸ், வால்காட் என்று ஆங்கிலத்தில் W-வில் தொடங்கும் கிரிக்கெட் வீரர்கள் மூவர் பெயரில் அமைந்தது.

மடிக்காதீர்கள், தடம் லேசில் போகாது. இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது, சுருங்கிவிடும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் வண்டிக்குள் விட்டுவைக்க வேண்டாம். அழுக்குக்கு ஈரத்துணி போதும்.