பகடைக்குக் கைதட்டல், ஆளுக்கு ஒன்றுமில்லை: ஆர்பிஜி மேசையில் நன்றி சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

மூன்று நான்கு மணி நேரம் விளையாடி முடித்து, பகடைகளைப் பையில் அள்ளிப் போடும் நேரத்தில் பெரும்பாலான டேபிள்டாப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகக் கதையை ஆடும் விளையாட்டு) குழுக்களில் கேட்பது ஒரே வசனம்தான்: "செம செஷன்!" கூடவே கதையை நடத்தும் டிஎம்முக்கு (டன்ஜன் மாஸ்டர்) ஒரு "தேங்க்ஸ்". அவ்வளவுதான், எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். நன்றி சொல்ல யாருக்கும் மனமில்லாமல் இல்லை. அன்றைக்கு யார் எதை விட்டுக்கொடுத்ததால், யார் எந்தக் கேள்வியைக் கேட்டதால் அந்த செஷன் செமயாக இருந்தது என்பதை நாம் கவனிப்பதில்லை. கவனிக்காத நன்றி பொத்தாம்பொதுவாகத்தான் வெளியே வரும்.

பகடையைப் பாராட்டுவது

இருப்பதிலேயே பெரிய தவறு இது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜியின் ஐந்தாம் பதிப்பில் அடிக்கடி நடக்கும் ஒரு சுற்றைப் பார்ப்போம். எதிரே ஒரு ராட்சதன். ரோக் (பதுங்கித் தாக்கும் கேரக்டர்) ஆடுபவர் தன் முறை வந்ததும் தாக்காமல் 'ஹெல்ப்', அதாவது கூட்டாளிக்கு உதவுவதை, எடுக்கிறார். கை நிறையப் பகடை உருட்டிப் போட வேண்டிய ஸ்னீக் அட்டாக் என்ற பலத்த அடியை விட்டுவிட்டு, ராட்சதனின் கவனத்தைத் தன் பக்கம் இழுக்கிறார். அதனால் அடுத்து வரும் ஃபைட்டருக்கு (போர்வீரர் கேரக்டர்) அட்வான்டேஜ். இரண்டு இருபது முகப் பகடைகளை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். முதல் பகடையில் 4. இரண்டாவதில் 20! மேசையே எழுந்து கத்துகிறது. ஃபைட்டரின் முதுகில் நாலு தட்டு விழுகிறது. ரோக் ஆடியவர் தன் கேரக்டர் ஷீட்டில் (கேரக்டரின் விவரத் தாள்) எதையோ குறித்துக்கொண்டிருக்கிறார்.

20 விழுந்தது இரண்டாவது பகடையில். அந்தப் பகடையை மேசைக்குக் கொண்டுவந்தவர் ரோக். ஒரு பகடையில் 20 விழ வாய்ப்பு 5 சதவீதம். அட்வான்டேஜ் கிடைத்தால் அது 9.75 சதவீதம், ஏறக்குறைய இரட்டிப்பு. இது தெரியாதவர் யாரும் அந்த மேசையில் இல்லை. ஆனாலும் யாருக்கும் அந்த நேரத்தில் அது தோன்றாது.

அதிர்ஷ்டத்தைக் கொண்டாடக் கூடாதா என்றால், தாராளமாகக் கொண்டாடலாம். கத்துவதற்காகத்தானே பாதிப் பேர் வருகிறோம். கத்தி முடித்த பிறகு, "நீ உன் அடியை விட்டுக்கொடுக்காவிட்டால் அது நாலோடு போயிருக்கும்" என்று ரோக்கிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எந்த எண் விழ வேண்டும் என்று யாரும் முடிவு செய்ய முடியாது. விட்டுக்கொடுப்பது ஒருவர் யோசித்து எடுத்த முடிவு.

இதன் மறுபக்கம்தான் எனக்கு அதிகம் உறுத்துவது. சண்டையைத் தவிர்க்கலாம் என்று, காவலாளியிடம் பேசிப் பார்க்க பார்ட் (பாட்டிலும் பேச்சிலும் கெட்டிக்காரக் கேரக்டர்) ஆடுபவர் முன்னே போகிறார். அழகாகப் பேசுகிறார், பொருத்தமான ஒரு பொய்யும் சொல்கிறார். பகடையில் 2. மேசை முழுக்கச் சிரிப்பு, அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அவரை வைத்துத்தான் கிண்டல். யோசனையில் ஒரு பிசகும் இல்லை, பகடைதான் காலை வாரியது. "அந்தப் பொய் பிரமாதம், விழுந்திருந்தால் கதையே வேற" என்று அன்று ஒருவராவது சொல்லாவிட்டால், அடுத்த முறை அவரும் வாளைத்தான் உருவுவார்.

பிளேட்ஸ் இன் த டார்க் என்ற இன்னொரு ஆர்பிஜி ஆடுபவர்களுக்கு இந்த விஷயம் கொஞ்சம் சுலபம். கூட்டாளிக்குக் கைகொடுக்க வேண்டுமானால் உதவுபவர் தன் ஷீட்டில் ஒரு ஸ்ட்ரெஸ் (மன அழுத்தம்) கட்டத்தை நிரப்ப வேண்டும், அதற்கு ஈடாகக் கூட்டாளிக்கு ஒரு பகடை கூடும். உதவியின் விலை பென்சில் கோடாகக் கண்முன்னே நிற்கும்போது மறப்பது கஷ்டம். மற்ற விளையாட்டுகளில் அந்தக் கோட்டை நாமேதான் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

டிஎம்மோடு நிறுத்திக்கொள்வது

டிஎம்முக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. வரைபடம், எதிரிகள், பத்துப் பதினைந்து பேரின் குரல் என்று அவர் சுமக்கும் பாரம் அதிகம். ஆனால் எல்லா நன்றியும் மேசையின் ஒரு முனைக்கே போனால், மற்ற நான்கைந்து பேரும் டிக்கெட் வாங்கி வந்த பார்வையாளர்கள்போல ஆகிவிடுகிறார்கள். விடுதிக்காரியைப் படைத்தது டிஎம்தான். அவளிடம் போய்ப் பெயர் கேட்டு, அவள் மகன் எங்கே என்று விசாரித்து, அவளைக் கதைக்குள் இழுத்துவந்தது ஒரு பிளேயர். இதை எல்லோருக்கும் முன்னால் டிஎம்மே எடுத்துச் சொன்னால் அதன் எடையே தனி. ஆனால் டிஎம்களும் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

கண்ணில் படாத வேலை இன்னும் இருக்கிறது. போன மாதம் சந்தித்த வணிகனின் பெயரைக் குறித்து வைத்தவர், எல்லோருக்கும் ஒத்துவரும் தேதியைத் தேடி அலைந்தவர், புதிதாக வந்தவர் மந்திரப் பட்டியலைப் புரட்டும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தவர். லூக் கிரேனின் பர்னிங் வீல் என்ற ஆர்பிஜி இதன் ஒரு பகுதியை விதியாகவே வைத்திருக்கிறது. ஆட்டத்தைத் திருப்பிய கேரக்டருக்கு எம்விபி என்று ஒரு பரிசு, பின்னால் இருந்து சத்தமில்லாமல் வேலையை இழுத்துச் செய்த கேரக்டருக்கு வொர்க்ஹார்ஸ் என்று இன்னொன்று, இரண்டையும் மேசையில் இருப்பவர்களே சேர்ந்து முடிவு செய்கிறார்கள். விதி இல்லாத மேசையிலும் இந்த இரண்டாவது பெயரைத் தேடிப் பார்க்கலாம், பாதகமில்லை.

கேரக்டர் சொன்னால் போதும் என்று இருந்துவிடுவது

பாலடின் (புனித வீரன் கேரக்டர்) மண்டியிட்டு, "என் உயிர் உனக்குக் கடன்பட்டது" என்று தன்னைக் குணப்படுத்திய க்ளெரிக்கிடம் (பூசாரிக் கேரக்டர்) சொல்வது நல்ல காட்சி. ஆனால் அது பாலடின் சொன்னது. ஹீலிங்குக்காகத் தன் கடைசி ஸ்பெல் ஸ்லாட்டை (மந்திரம் போடும் வாய்ப்பை) செலவழித்துவிட்டு, மீதிச் சண்டை முழுக்கக் கைகட்டி நின்றது எதிரே இருக்கும் ஆள். அவருக்கு அவர் பெயர் சொல்லி நன்றி போக வேண்டும். "என் கேரக்டர் சிடுமூஞ்சி, நன்றி எல்லாம் சொல்ல மாட்டான்" என்பவர்களுக்கும் அதேதான். சிடுமூஞ்சி அவன், நீங்கள் இல்லையே.

துரோகக் காட்சிகளில் இது இன்னும் முக்கியம். உங்கள் கேரக்டர் இன்னொருவரின் கேரக்டரை ஏமாற்றிப் புதையலோடு ஓடுகிறது, அவரும் மேசையில் எல்லாம் தெரிந்தே அதற்கு இடம் கொடுக்கிறார். அது சாதாரண விஷயமில்லை. செஷன் முடிந்த கையோடு, கதைக்கு வெளியே வந்து, "அதை விட்டுக்கொடுத்ததுக்கு நன்றி. உனக்கு ஓகேதானே?" என்று கேட்காமல் கிளம்பக் கூடாது.

சொல்லும் நேரமும் கெடுக்கும். சாகக் கிடக்கும் தம்பியிடம் ஒரு கேரக்டர் விடைபெறுகிறது, ஆடுபவரின் குரல் லேசாக நடுங்குகிறது, அந்த நொடியில் பக்கத்தில் இருப்பவர் "சூப்பரா நடிக்கிற!" என்கிறார். காட்சி அங்கேயே முடிந்தது. பாராட்டு பத்து நிமிடம் காத்திருந்தால் கெட்டுப்போகாது.

கொக்கி வைத்த பாராட்டு

"இன்னிக்கு நல்லா ஆடினே, வழக்கமா போனையே பாத்துட்டு இருப்பே." இதைச் சொன்னவர் தான் பாராட்டியதாகத்தான் நம்புகிறார். கேட்டவர் இரண்டாம் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போவார்.

ஸ்டார்ஸ் அண்ட் விஷஸ் என்ற பழக்கம் பல குழுக்களில் உண்டு. செஷன் முடிவில் ஆளுக்கு ஒரு ஸ்டார், அதாவது பிடித்த ஒரு கணமோ ஆளோ. பிறகு ஒரு விஷ், அடுத்து கதையில் என்ன பார்க்க ஆசை என்பது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்போதுதான் கொக்கி முளைக்கிறது. "உன் திட்டம் நல்லா இருந்துச்சு, ஆனா அடுத்த தடவை எங்களையும் கேளு" என்று விஷ் புகாராக மாறிவிடும். எல்லோரும் ஸ்டார் சொல்லி முடித்த பிறகு விஷ்ஷை ஆரம்பியுங்கள். புகார் இருந்தால் தனியாகப் பேசுங்கள், அதற்கு ஸ்டார் போர்வை வேண்டாம்.

நிரந்தரப் பட்டம் கட்டுவதும் ஒரு கொக்கிதான். "நம்ம டேபிள் காமெடியன் நீதான்" என்று நாலு செஷன் சொல்லிவிட்டால், அடுத்த கேம்பைனில் (பல செஷன்களுக்கு நீளும் தொடர்கதையில்) அவர் சீரியஸான கேரக்டரோடு வரும்போது சிரிக்கக் காத்திருப்போம். அன்று செய்ததை அன்றைக்கு மட்டும் பாராட்டினால் இந்தச் சிக்கல் வராது.

இதோடு சேர்ந்த ஒன்று: ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ்-கார்டை, அதாவது சங்கடமான காட்சியை மாற்றச் சொல்லும் அட்டையை, யாராவது தொட்டால், ஏன் என்று கேட்கக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். ஆனால் "சொன்னதுக்கு ரொம்ப நன்றி, உன் தைரியம் பெரிசு" என்று ஐந்து நிமிடம் உருகினால், விலக நினைத்தவரை நடுமேடையில் நிறுத்தியதாகிவிடும். "சரி, நன்றி, மாத்திடலாம்" என்று ஒரு வரியில் கடந்துபோங்கள்.

கையில் இருக்கும் டோக்கனை மறப்பது

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் இன்ஸ்பிரேஷனை (பகடை உருட்டும்போது செலவழிக்கும் ஒரு வெகுமதி) டிஎம் தருவார் என்பது எல்லோருக்கும் தெரியும். தன்னிடம் இருப்பதை இன்னொரு பிளேயருக்கு, நல்ல ஆட்டத்துக்குப் பரிசாகக் கொடுத்துவிடலாம் என்ற வரியும் அங்கேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் மேசைகள் அபூர்வம். ஒருவரிடம் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இருக்க முடியும், சேர்த்து வைக்க வழியில்லை. பலர் செலவழிக்கவும் மறந்து செஷனே முடிந்துவிடும். பேசாமல் கொடுத்துவிடலாம். 2024 விதிகளிலும், ஏற்கெனவே கையில் ஒன்று இருக்கும்போது இன்னொன்று வந்தால், இல்லாதவருக்குத் தரலாம். பிரைம்டைம் அட்வென்ச்சர்ஸ் என்ற ஆர்பிஜி 2004-லேயே இதை ஆட்டத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தது. அதில் ஃபேன் மெயில் என்ற டோக்கனைப் பிளேயர்களே, பிடித்த கணத்தில், பிளேயர்களுக்குக் கொடுக்கிறார்கள்.

எல்லா டோக்கனும் சத்தமாகப் பேசுபவரிடமே போய்ச் சேரும் ஆபத்தும் உண்டு. அதிகம் பேசாதவர் இரண்டு மணி நேரத்தில் சொன்ன ஒரே வாக்கியம் கதையைத் திருப்பியிருக்கலாம். அதற்காக அவரை எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்த வேண்டாம். இரவு ஒரு மெசேஜ் போதும், அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி. யாராவது உங்களைப் பாராட்டினால், "அட, டைஸ் விழுந்துச்சு" என்று தட்டிவிடாதீர்கள், தேங்க்ஸ் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

சொல்லிவிட்டு ஆட்டத்தில் மறந்துவிடுவது

வாயால் சொன்னதோடு முடித்துக்கொள்வதும் குறைதான். அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆர்பிஜியில் ஒவ்வொரு செஷன் முடிவிலும், உங்கள் கேரக்டரை முன்பைவிட நன்றாகத் தெரிந்துகொண்ட கேரக்டர் எது என்று தேர்ந்தெடுத்து, அந்தப் பிளேயரிடம் சொல்ல வேண்டும். அவர் ஷீட்டில் உங்களைப் பற்றிய எண் ஒன்று கூடும். கவனித்தவருக்குக் கவனித்ததற்கே பலன்.

உங்கள் மேசையில் அந்த விதி இல்லாவிட்டாலும் கவனிப்பதற்குத் தடையில்லை. போன செஷனில் ஒருவர் தன் ட்வார்ஃப் (குள்ளர் இனக்) கேரக்டரின் அண்ணன் சுரங்கத்தில் காணாமல் போன கதையைச் சொன்னார், நீங்களும் அருமை என்றீர்கள். இந்த வாரம் கேரக்டர்களின் குழு ஒரு பழைய சுரங்க வாசலுக்கு வருகிறது. உங்கள் கேரக்டர் வாயால் கேளுங்கள்: "உங்க அண்ணன் வேலை பார்த்தது இந்த மாதிரி இடத்துலதானா?" ஸ்பாட்லைட் அவரிடம் போகட்டும், உங்கள் முறை கொஞ்சம் தள்ளிப்போனால் போகட்டும். ஒரே எச்சரிக்கை, அந்தக் கதையை அவர் பிறகு திறக்க வைத்திருக்கலாம். "இன்னொரு நாள் சொல்றேன்" என்று ட்வார்ஃப் முகம் திருப்பினால், துருவாமல் விளக்கை ஏற்றிக்கொண்டு உள்ளே நடங்கள்.