பார்த்தது சரி, கேட்டது யாரை?

சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும், மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் தால் பூரி வண்டிக்குப் பக்கத்தில் ஐந்தாறு பேர் நின்றுகொண்டு அந்த வாரம் பார்த்த ஆங்கிலப் படத்தைப் பிரித்து மேய்வது எங்கள் வழக்கம். முப்பது வருடமாக நானும் அந்தக் கூட்டத்தில் நிற்கிறேன். இப்போது வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இருபது வயதுகூட இல்லை. அவர்கள் பேச ஆரம்பித்தால் என் பழைய உளறல்களையே வேறு வாயில் கேட்பது போல இருக்கிறது. போன வாரம் பொறுக்க முடியவில்லை. அதனால், படத்தைப் பற்றிப் பேசும்போது செய்யக்கூடாதவற்றை எழுத உட்கார்ந்தேன்.

முடிவை உடைக்காதே, அரங்கில் போனை எடுக்காதே என்பதெல்லாம் இதில் இல்லை. அதைச் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றால் நான் எழுதியும் பயனில்லை.

மதிப்பெண்ணை ஒப்பிப்பது

"இணையத்தில் 8.3 கொடுத்திருக்கிறார்கள் அண்ணா." சரி. உனக்குப் பிடித்ததா?

குரலை நடிகர் கணக்கில் எழுதுவது

மொரீஷியஸ் பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே நாடாளுமன்றத்தில் ஆங்கிலம், செய்தித்தாளில் பிரெஞ்சு, வீட்டில் கிரியோல், கோயிலில் தமிழ். ஹாலிவுட் படம் அரங்குக்கு வந்தால் பெரும்பாலும் பிரெஞ்சுக் குரலில்தான் வரும். காட்சி நேரத்துக்குப் பக்கத்தில் 'வே.எஃப்.' என்று இருந்தால் பிரெஞ்சுக் குரல், 'வே.ஓ.' என்று இருந்தால் மூலக் குரல். நான் வளர்ந்த காலத்தில் அந்த எழுத்துகளை யாரும் கவனித்ததே இல்லை. எங்கள் தொலைக்காட்சியிலும் பிரெஞ்சு, ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பினால் கிடைத்த ரியூனியன் தொலைக்காட்சியிலும் பிரெஞ்சு. அமெரிக்க போலீஸ்காரர்கள் வீட்டில்தான் ஆங்கிலம் பேசுவார்கள் போலிருக்கிறது என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தீபாவளி மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஹாரிசன் ஃபோர்டும் ரிச்சர்ட் கியரும் குரலை ஆளும் விதத்தில் ஒரு வியப்பான ஒற்றுமை இருக்கிறது. இருவரும் வாக்கியத்தை அடிக்குரலில் தொடங்கி, முடிகிற இடத்தில் ஒரு சிரிப்பை ஒளித்து வைக்கிறார்கள். அமெரிக்க நடிப்புப் பயிற்சியின் பலன் இது என்று அடித்துவிட்டேன். முந்நூறு பிரதி அச்சானது. மாமனார் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

தைப்பூசக் காவடி முடிந்த மறுநாள், கோயில் வாசலில் ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டார். சுங்கத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், லண்டனில் சில வருடம் இருந்தவர். "கட்டுரை படித்தேன் தம்பி. தமிழ் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு பேருக்கும் பிரெஞ்சில் பேசுகிறவர் ஒரே ஆள்."

உண்மைதான். ரிஷார் டார்புவா என்ற கலைஞர் ஃபோர்டுக்கும் குரல் கொடுத்தார், கியருக்கும் கொடுத்தார். நான் இரண்டு பக்கம் பாராட்டியது அவரை. பெயரைத்தான் தெரியாமல் விட்டுவிட்டேன்.

வானொலியில் வாரம் பத்து நிமிடம் படங்களைப் பற்றிப் பேச அப்போது ஒரு வாய்ப்பு வருவதாக இருந்தது. மலர் கைக்குக் கை போன பிறகு அது வரவில்லை. பெரியவர் மட்டும் ஒவ்வொரு வருடமும் காவடியன்று என்னைப் பார்த்து, "என்ன தம்பி, அமெரிக்காவில் இருவருக்கும் தொண்டை சௌக்கியமா?" என்று கேட்பார், அவர் இருந்தவரை.

இதில் வெட்கம் என்னவென்றால், தமிழ்ப் படம் பார்க்கிறவனுக்கு இது தெரியாத விஷயமே இல்லை. சிம்ரன் நடித்த பல படங்களில் நாம் கேட்டது சவிதாவின் குரல். 2010-இல் 'விண்ணைத்தாண்டி வருவாயா' ஜெஸ்ஸிக்குப் பேசியவர் சின்மயி. இதையெல்லாம் விரல்விட்டு எண்ணுகிற நாமே பிரெஞ்சு என்றதும் ஏமாந்துவிடுகிறோம்.

இனி போன வாரத்துக் கதை. ஒரு பையன், கெட்டிக்காரன், கையில் தால் பூரியோடு உணர்ச்சிவசப்பட்டான். "அண்ணா, கடைசிக் காட்சியில் அவள் அவனிடம் 'வூ' என்பதை விட்டு 'த்யு'வுக்கு மாறுகிறாள் பாருங்கள். இயக்குநர் என்ன நுட்பமாக யோசித்திருக்கிறார்!" பிரெஞ்சில் 'வூ' என்றால் நீங்கள், 'த்யு' என்றால் நீ. படமோ அமெரிக்கப் படம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அவள் மாறவும் இல்லை, இயக்குநர் யோசிக்கவும் இல்லை. பாரிஸில் வசனத்தைப் பிரெஞ்சுப்படுத்தியவர், மேசை முன்னால் உட்கார்ந்து, இந்த இடத்தில் இவர்கள் நெருங்கிவிட்டார்கள் என்று முடிவு செய்திருக்கிறார். நல்ல முடிவு. பாராட்டு அவருக்குப் போகவேண்டும்.

டப்பிங் செய்கிறவர்கள் வேலை செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால் வசனத்தை மேற்கோள் காட்டவே கை கொஞ்சம் தயங்கும். திரைக்குக் கீழே ஒரு நீளமான பட்டையில் வசனம் வலமிருந்து இடமாக ஓடிவரும். ஒரு செங்குத்துக் கோட்டை எழுத்து தொடும் கணத்தில் கலைஞர் அதைப் பேசவேண்டும். பட்டையை எழுதுகிறவருக்குப் பொருள் மட்டும் போதாது, உதடும் பொருந்தவேண்டும். பகரமும் மகரமும் இதழ் சேர்ந்து பிறக்கும் என்று தொல்காப்பியம் சொல்கிறதே, அதே சங்கடம்தான். நடிகரின் உதடு மூடுகிற இடத்தில் இங்கேயும் ஒரு 'ப'வோ 'ம'வோ வந்து விழவேண்டும். அதற்காகச் சொல் மாறும், சில சமயம் நகைச்சுவையே மாறும். நீரோட்டகம் எழுதிப் பார்த்தவர்களுக்கு அந்த வலி புரியும். அவர்கள் உதடு ஒட்டாமல் எழுதுகிறார்கள், இவர்கள் ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டவைக்கிறார்கள்.

"அப்படியானால் மூலக் குரலில் மட்டும் பார்க்கிறேன்" என்று அந்தப் பையன் முறுக்கிக்கொண்டான். அதுவும் எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. அவன் அப்போது விழுந்து விழுந்து பார்த்துக்கொண்டிருந்தவை இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனேயின் கௌபாய்ப் படங்கள். 1964-இல் வந்த முதல் படம் ஸ்பெயினில் எடுக்கப்பட்டது. இத்தாலியர், ஜெர்மானியர், ஸ்பானியர் எல்லோரும் நடித்தார்கள், அவரவருக்கு வந்த மொழியில் பேசினார்கள். பேச்சு முழுவதும் பிறகு ஒலிக்கூடத்தில் சேர்த்தது. ஆங்கிலப் பிரதியில் கிளின்ட் ஈஸ்ட்வுட் தன் குரலிலேயே பேசினார். இத்தாலிய ரசிகர்கள் கேட்டதோ என்ரிகோ மரியா சலெர்னோவின் குரல். இதில் எதை மூலம் என்பது?

நான் இப்போது செய்வது இதுதான். எந்தக் குரலில் பார்த்தேன் என்பதைப் பேச்சின் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவேன். குரலைப் பாராட்டத் தோன்றினால், வீட்டுக்குப் போய் ஒரே ஒரு காட்சியை மற்ற மொழியில் கேட்டுவிட்டு அடுத்த சனிக்கிழமை பேசுவேன். கண், கை, நடை, வெளிச்சம், வெட்டு ஆகியவற்றைப் பற்றி அன்றே பேசலாம். இசையைப் பற்றியும் பேசலாம். பின்னணி இசையும் ஓசைகளும் தனித் தடத்தில் இருப்பதால் மொழி மாறினாலும் லியோனே படங்களுக்கு இசையமைத்த மோரிக்கோனே மாறுவதில்லை.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். புரூஸ் வில்லிஸை இன்றுவரை பத்ரிக் புவாவேயின் குரலில்தான் எனக்குக் கேட்கப் பிடிக்கும். 2020-இல் புவாவே இறந்த செய்தி வந்தபோது வில்லிஸே போய்விட்டது போல இருந்தது. வில்லிஸின் சொந்தக் குரல் எனக்கு இன்னும் டப்பிங் போலத்தான் படுகிறது.

'காப்பி' என்று முத்திரை குத்துவது

தொப்பி, குதிரை, துப்பாக்கி இருந்தால் காப்பி என்கிறார்கள். 1972-இல் ஜெய்சங்கர் 'கங்கா'வில் கௌபாய் வேடம் கட்டினார். தொப்பி எல்லோருக்கும் பொது. கதை வேறு விஷயம். மேலே சொன்ன லியோனேயின் முதல் கௌபாய்ப் படமே 1961-இல் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா எடுத்த 'யோஜிம்போ'வின் கதைதான். அனுமதி வாங்கவில்லை, வழக்கு வந்தது, வசூலில் ஒரு பங்கு ஜப்பானுக்குப் போனது. அதே குரோசாவாவின் 1954-ஆம் வருடத்து ஏழு சாமுராய்க் கதையை 1960-இல் அமெரிக்கர்கள் கௌபாய்க் கதையாக எடுத்தபோது, மூலத்தை மறைக்காமல் சொல்லியே எடுத்தார்கள். இந்த மூன்றையும் ஒரே சொல்லால் திட்டுவது சோம்பேறித்தனம்.

எந்தப் பிரதி என்று கேட்காமல் சண்டை போடுவது

லியோனேயின் கடைசிப் படம் 1984-இல் ஐரோப்பாவில் 229 நிமிடம் ஓடியது. அமெரிக்காவில் அதை 139 நிமிடமாக வெட்டி, முன்னும் பின்னும் போய்வரும் கதையைக் கால வரிசையில் அடுக்கிவிட்டார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் "குழப்பமே இல்லாத நேர்கதை" என்றார், இன்னொருவர் "தலை சுற்றுகிறது" என்றார். முக்கால் மணி நேரம் கத்தினார்கள். இருவர் சொன்னதும் சரி.

வசூலைப் பற்றிப் பேசுவது

பங்கு வைத்திருந்தால் பேசலாம்.

நீளமாகப் பேசுவது

எங்கள் ஊரில் மாலை ஏழு மணிக்கு மேல் பேருந்து கிடைப்பது கஷ்டம். தால் பூரிக்காரரும் ஆறுக்கே அடுப்பை அணைத்துவிடுவார்.