நண்பர்கள் சாப்பிட வருகிறார்கள்: அடுப்படியிலேயே மாட்டிக்கொள்ளாமல் இருக்க

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நண்பர்களைக் கூப்பிட்டு எல்லோருக்கும் தோசை சுட்டுப் போடுவது என்று முடிவு செய்பவர்கள் முதலில் ஒரு கணக்குப் போட வேண்டும். ஆளுக்கு 3 என்றால் 30 தோசை. ஒரு தோசைக்கு இரண்டரை நிமிடம் என்று குறைத்து வைத்தாலும் ஒரே கல்லில் 75 நிமிடம். முதலில் சாப்பிட்டவர் கைகழுவி, காபியும் குடித்து, கிளம்ப மணி பார்க்கும் நேரத்தில் கூப்பிட்டவர் இன்னும் கல்லுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார். இரண்டு கல் வைத்தால் நேரம் பாதியாகும், ஆனால் அடுப்பை விட்டு நகர முடியாத நிலை மட்டும் மாறாது.

வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவதில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் இதே ரகம்தான். சமையல் சரியாகத்தான் இருக்கும், கூப்பிட்டவர் மட்டும் பந்தியில் இருக்க மாட்டார். நண்பர்கள் வருவது உங்களோடு உட்கார்ந்து பேச. அதனால் என்ன சமைப்பது என்று யோசிக்கும்போது முதல் கேள்வி, இது காத்திருக்குமா, நானும் கூட உட்கார முடியுமா என்பதாக இருக்க வேண்டும். ருசியைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், தினமும் செய்து கைப்பழக்கமானதைச் செய்தால் அது தானாக வரும்.

தோசைக்குப் பதில் இட்லி என்றால் கதையே வேறு. நாலு தட்டு பானையில் ஒரு ஈட்டுக்கு 16 இட்லி, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். இரண்டு ஈடு முன்பே எடுத்து ஹாட்பாக்சில் போட்டுவிட்டால் மூன்றாவது ஈடு வேகும்போது நீங்களும் தட்டோடு உட்காரலாம். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி இன்னும் வசதி, மணிக்கணக்கில் மிருதுவாக இருக்கும், அதனால்தான் ரயில் பயணத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு போகிறோம். தோசையே வேண்டும் என்றால் மூன்று நான்கு பேரை மட்டும் கூப்பிடுங்கள், அவர்களைச் சமையலறைக்குள்ளேயே உட்கார வைத்துக் கல்லிலிருந்து நேராகத் தட்டுக்குப் போடுங்கள், அதைப் போல இன்பமான சாப்பாடு கிடையாது.

காத்திருக்கும் சமையல் நம்மிடம் நிறைய உண்டு. வத்தக்குழம்பும் மீன் குழம்பும் மறுநாள்தான் இன்னும் நன்றாக இருக்கும், புளியும் காரமும் உள்ளே இறங்க நேரம் வேண்டும். மீன் குழம்பை முந்தின நாள் இரவே வைத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம், மறுநாள் துண்டு உடையாமல் சட்டியைச் சுழற்றி ஒரு கொதி விட்டால் போதும். புளியோதரைக்கான புளிக்காய்ச்சலை ஒரு வாரம் முன்னால் செய்தாலும் கெடாது, வடித்த சோற்றை அகலமான தாம்பாளத்தில் பரப்பி நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்துப் பிசைந்து, சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது வைத்துவிட வேண்டும். பூரி, வடை, பஜ்ஜி, ஆப்பம் எல்லாம் காத்திருக்காதவை. அவற்றில் ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள், அந்த ஒன்றையும் வந்தவர்களில் ஒருவரிடம் கரண்டியைக் கொடுத்துப் பொரிக்கச் சொன்னால் சந்தோஷமாகச் செய்வார்.

ஆனால் முன்கூட்டியே செய்வதிலும் தவறுகள் உண்டு. சாம்பார் சாதமும் பொங்கலும் அடுப்பிலிருந்து இறக்கும்போது சரியான பதத்தில் இருந்தால் ஒரு மணி நேரத்தில் கல்லாக இறுகிவிடும், அரிசியும் பருப்பும் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். இறக்கும்போது இது ஓடுகிறதே என்று தோன்றுகிற அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும், பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீரும் இருக்கட்டும். தயிர்சாதமும் அப்படியே. மதியச் சாப்பாட்டுக்குக் காலையிலேயே பிசைந்தால் குழைய வடித்த சோற்றில் பாலை நிறைய ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் விட வேண்டும், முழுக்கத் தயிர் விட்டால் ஒரு மணிக்குப் பல் கூசும். ரசத்தைப் பருப்புத் தண்ணீர் ஊற்றாமல் புளி, தக்காளி, பொடி கொதித்த நிலையில் நிறுத்திவைத்துவிட்டு, எல்லோரும் உட்காரும் நேரத்தில் பருப்புத் தண்ணீர் விட்டு நுரை கட்டியதும் இறக்கித் தாளித்துக் கொத்தமல்லி போடுங்கள். ஐந்து நிமிட வேலை. காலையில் முடித்து மூன்று முறை சூடாக்கிய ரசத்தில் வாசனை போய்விடும், புளித்தண்ணீர்தான் மிஞ்சும்.

அடுத்த தவறு, அளவைப் பெருக்குவது. நாலு பேருக்குச் செய்யும் பிரியாணியைப் பதினாறு பேருக்கு என்றதும் எல்லாவற்றையும் நாலால் பெருக்குகிறோம், பெரும்பாலும் குழைந்துதான் போகிறது. 2 டம்ளர் சீரக சம்பாவுக்கு 4 டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பழகியவர் 8 டம்ளருக்கு 16 ஊற்றக் கூடாது. ஆவியாகிப் போகும் தண்ணீர் பாத்திரத்தின் வாய் அகலத்தையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது, அரிசி நாலு மடங்கானால் ஆவியும் நாலு மடங்காவதில்லை. ஒன்றுக்கு ஒன்றரை என்று தொடங்குவது நல்லது, அரிசி ஊறியது, கறியிலும் தயிரிலும் தக்காளியிலும் வரும் தண்ணீர் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மிளகாய்த்தூளையும் பட்டை கிராம்பையும் நாலு மடங்கு போட வேண்டாம், மூன்று மடங்கு போட்டுக் குழம்பை நாக்கில் விட்டுப் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். குக்கரில் செய்பவர்களுக்கு ஒன்று: அரிசி, பருப்பு மாதிரி பொங்குகிறவை பாதிக் குக்கருக்கு மேல் போகக் கூடாது. ஆள் அதிகம் என்று கழுத்து வரை நிரப்பினால் விசில் துவாரம் அடைத்துக்கொள்ளும், அது ஆபத்து. இரண்டு தடவையாக வையுங்கள்.

வெள்ளைச் சோறு, குழம்பு, ரசம், மோர் என்றால் ஆளுக்கு 100 முதல் 125 கிராம் அரிசி சரியாக இருக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு மடங்கு வடிப்பதுதான் நம் வழக்கம், மிச்சச் சோறு என்ன ஆகிறது என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

என்ன சாப்பிடுவீர்கள் என்று முன்பே கேட்காமல் விடுவதை நான் இந்தத் தவறுகளிலேயே பெரியதாக நினைக்கிறேன். கேட்டால் நன்றாக இருக்காது என்று தயங்குகிறோம். உண்மையில் கேட்காமல் இருந்தால்தான் சங்கடம், கறிக்குழம்பை நடுவில் வைத்துவிட்டு வந்தவர் மோர் சாதத்தோடு எழுந்து போவதைப் பார்க்க வேண்டியிருக்கும். வருடம் முழுக்கக் கறி சாப்பிடுகிறவர் புரட்டாசியில் தொட மாட்டார். கார்த்திகையில் மாலை போட்டவர் சிலர் வெளியில் சாப்பிடவே மாட்டார்கள், அவர்களை வற்புறுத்திக் கூப்பிடாமல் தை பிறந்ததும் கூப்பிடலாம். தவக்காலத்தில் இறைச்சியை விட்டுவிடும் கிறிஸ்தவ நண்பர்கள் உண்டு. முஸ்லிம் நண்பர் வருகிறார் என்றால் ஹலால் கடையில் கறி வாங்கி அதை முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள், அவரே வாய்விட்டுக் கேட்கும்படி வைக்காதீர்கள், ரமலான் மாதமானால் நோன்பு திறக்கும் நேரத்துக்கு அழைப்பை மாற்றுங்கள். ஜைன நண்பருக்கு வெங்காயம் பூண்டு மட்டுமில்லாமல் உருளைக்கிழங்கு, கேரட் மாதிரி மண்ணுக்குள் விளைவதும் ஆகாது.

சைவ நண்பர்கள் விஷயத்தில் மனமறிந்து யாரும் தவறு செய்வதில்லை, ஆனாலும் நடக்கிறது. மீன் வறுத்த எண்ணெயில் அப்பளம் பொரிப்பது, கறிக்குழம்பில் போட்ட கரண்டியை அவசரத்தில் சாம்பாரில் போடுவது. சைவத்தை முதலில் சமைத்து, தனிக் கரண்டிகளோடு மேசையின் இன்னொரு ஓரத்தில் வைத்துவிட்டால் யாருக்கும் யோசனை வேண்டாம். ஒவ்வாமையையும் கேட்டுக்கொள்ளுங்கள். வேர்க்கடலை சட்னியில் மட்டும் இல்லை, பல வீடுகளில் சமையல் எண்ணெயே கடலை எண்ணெய்தான். குருமாவில் முந்திரி இருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சோறும் சாம்பாரும் பாதுகாப்பு என்று நினைப்போம், ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படித்துப் பார்த்துவிட்டுத் தாளிக்கவும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் நண்பர் இருந்தால் ஒரு மணி சாப்பாடு என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கு இலை போடாதீர்கள். சாப்பாட்டை நம்பி மருந்து எடுத்தவருக்குச் சர்க்கரை இறங்கி மயக்கமே வரலாம். அவரிடம் ஒரே ஒரு குலாப் ஜாமூன்தானே என்று மல்லுக்கட்டுவதும் வேண்டாம். பொதுவாகவே வற்புறுத்திப் போடும் பழக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்று கையை இலைக்கு மேல் மறைத்தவருக்கு இன்னொரு முறை கேட்பது அன்பு. அதற்கு மேல் கரண்டியை நீட்டினால் அவர் நமக்காகச் சாப்பிட வேண்டியதாகிவிடும்.

இன்னொன்று, நம் வீட்டுச் சாப்பாட்டை நாமே மட்டமாக நினைப்பது. வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது அரிசிம்பருப்பு சாதம் என்றிருக்கும், ஆள் வருகிறார்கள் என்றதும் ஃப்ரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன், பன்னீர் பட்டர் மசாலா என்று கடை மெனு வந்துவிடும். அதைக் கடையிலேயே இன்னும் நன்றாகச் செய்வார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்து நண்பர் வீட்டில் சின்ன வெங்காயம் தாளித்த அரிசிம்பருப்பு சாதத்தில் நெய் விட்டுச் சாப்பிடுவதும், திருநெல்வேலி வீட்டில் உளுந்தம்பருப்பு சாதமும் எள்ளுத் துவையலும், தேங்காய்ப் பால் ஊற்றிய சொதியும் இஞ்சித் துவையலும், நாகர்கோவில் வீட்டில் தேங்காய் வறுத்தரைத்த தீயலும் எந்த ஓட்டலிலும் அதே மாதிரி கிடைக்காது. உடம்பு சரியில்லாத நாளில் அம்மா கொடுத்த கஞ்சியும் தேங்காய்த் துவையலும் பருப்புப் பொடியும் கூட விருந்துதான், தைரியமாகப் போடுங்கள். அன்றைக்கென்று யூடியூபில் பார்த்த புதுச் சமையலைச் சோதித்துப் பார்க்காதீர்கள். போடும்போது சும்மா ஏதோ செய்தேன் என்று இழுக்கவும் வேண்டாம், இதை எப்படிப் பிசைந்து எதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். வேற்றூர் நண்பருக்குப் பருப்புப் பொடியில் நெய் விட்டுச் சூடான சோற்றில் பிசைய வேண்டும் என்று யாராவது சொன்னால்தானே தெரியும்.

இனி சொல்லப்போவது ஆண்கள் கவனமாகப் படிக்க வேண்டியது. நம் வீடுகளில் கூப்பிடுகிறவர் ஒருவர், சமைக்கிறவர் வேறொருவர். வெள்ளிக்கிழமை ராத்திரி, ஞாயிறு மதியம் பசங்க எட்டுப் பேர் வராங்க என்று மனைவியிடமோ அம்மாவிடமோ ஒரு வரியில் சொல்லிவிட்டு, அன்றைக்கு ஹாலில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் குழம்பு கொண்டு வாம்மா என்று குரல் கொடுப்பது விருந்தோம்பல் ஆகாது. சமைக்கிறவரிடம் கேட்டுவிட்டுத்தான் அழைக்க வேண்டும். கறி வாங்குவது, தேங்காய் துருவுவது, வெங்காயம் உரிப்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் கூப்பிட்டவர் பொறுப்பு. பரிமாறிவிட்டுக் கடைசியில் நின்றுகொண்டே சாப்பிடும் அம்மாவையும் மனைவியையும் பார்த்துப் பார்த்து நமக்கு அது பழகிவிட்டது. ஹாலில் பாயை விரித்து நடுவில் எல்லாப் பாத்திரத்தையும் வைத்துவிட்டால் அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், வீட்டில் இருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிடலாம்.

ஆளுக்கு ஒன்று கொண்டு வரலாம் என்று திட்டமிடுபவர்கள் யார் எது என்று பெயர் போட்டுப் பிரிக்காவிட்டால் லெமன் சாதம் மூன்று வரும், கேசரி இரண்டு வரும், தொட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது. சோறு, குழம்பு, ரசம் மாதிரி சூடு வேண்டியதும் கனமானதும் கூப்பிட்ட வீட்டிலேயே இருக்கட்டும். பொரியல், ஊறுகாய், வடகம், இனிப்பு, பழம் என்று பஸ்ஸில் சிந்தாமல் வருவதை மற்றவர்களுக்குக் கொடுங்கள். தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் நண்பரிடம் வாழை இலையும் தயிர்ப் பாக்கெட்டும் வாங்கி வரச் சொன்னால் போதும். முந்தின நாளே சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள், தண்ணீர் கேன் இருக்கிறதா என்று பாருங்கள், கரண்ட் போகலாம் என்று அரைக்க வேண்டியதைக் காலையிலேயே அரைத்துவிடுங்கள். ஆனால் தேங்காய்ச் சட்னியை மட்டும் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் அரைக்க வேண்டும், வெயில் காலத்தில் அது சில மணி நேரத்திலேயே ஊசிப்போகும், பாதியை வெளியே வைத்து மீதியை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சச் சோற்றுக்கு வருகிறேன். எல்லோரும் பேசிக்கொண்டே இருப்போம், மதியம் வடித்த சோறு சாயங்காலம் வரை மேசையிலேயே கிடக்கும், பிறகு அதையே தாளித்து ராத்திரிக்குப் போடுவோம். இதில் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகும்போது சாவதில்லை, வெதுவெதுப்பில் கிடக்கும்போது பெருகி நச்சை உண்டாக்கும், வாந்தியை வரவைக்கும் அந்த நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்குள், நல்ல வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள், அகலமான தட்டில் பரப்பி ஆற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். கிளம்புகிறவர்களுக்குக் கொடுத்தனுப்ப வெளியில் கிடந்த சோற்றைக் கட்ட வேண்டாம். வத்தக்குழம்பு, புளிக்காய்ச்சல், பொடி, ஊறுகாய் கொடுக்கலாம், எல்லோரும் உட்காருவதற்கு முன்பே சின்ன டப்பாக்களில் எடுத்து வைத்துவிட்டால் கடைசியில் சட்டியைச் சுரண்ட வேண்டியிருக்காது. திருப்பிக் கேட்க வேண்டாத டப்பாவாகப் பார்த்து எடுங்கள்.