சார்ஜ் ஏறவில்லையா? நடு ஊசியைப் பாருங்கள்

அடாப்டரைச் செருகினால் லேப்டாப் ஓடும், சார்ஜ் மட்டும் ஏறாது. பிடுங்கினால் உடனே அணைந்துவிடும். பேட்டரி போச்சு என்றுதான் பெங்களூரு அல்சூரில் எல்லோரும் சொன்னார்கள். லேப்டாப் தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் போய்ப் பார்த்தால், அடாப்டர் எந்த வகை என்று தெரியவில்லை எனக் காட்டியது. விஷயம் அங்கேதான். சில மாடல்களில், அடாப்டர் வயரின் செருகும் முனைக்குள் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அடாப்டர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். தகவல் போகாவிட்டால் பேட்டரிக்குச் சார்ஜ் கிடையாது, வேகமும் குறையும். மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரோ 19.5 வோல்ட் என்று ஒழுங்காகவே காட்டும், ஏமாறக் கூடாது. டார்ச் அடித்துப் பார்த்தேன், ஊசி வளைந்து ஓரத்தில் ஒட்டிக் கிடந்தது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் அதே வாட் அடாப்டர் கேட்டால், கடைக்காரர் பேட்டரியையும் தலையில் கட்டப் பார்த்தார். "அண்ணா, முதல்ல இதைச் செருகிப் பார்க்கலாம்" என்றேன். செருகியதும் சார்ஜ் விளக்கு எரிந்தது.