திருகோணமலை யுத்த மயானம்: யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலாவெளிக் கடற்கரைக்கு வான் பிடித்துப் போகிற எங்கள் ஆட்கள் பலர் இந்த மயானத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். நகரிலிருந்து வடக்கே சுமார் 6 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போரில் இறந்த கடற்படையினரையும் மற்றப் படையினரையும் இங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். இந்தியரும் இலங்கையரும் இருக்கிறார்கள்.

முதல் பிழை பயண ஒழுங்கில் வருகிறது. புல்மோட்டைப் பக்கத்தால் வந்தால் முதலில் மயானம், பிறகுதான் கோணேசர் கோயில். மயானத்துக்குள் போய்விட்டு முழுகாமல் கோயிலுக்கு எப்படிப் போவது என்று அம்மம்மா வானை விட்டு இறங்கவே மாட்டார். ஹொரவப்பொத்தானைப் பாதையால் வந்து கோயிலை முதலில் முடியுங்கள். அப்புறம் மயானம், கடைசியில் நிலாவெளியில் கடல் குளிப்பு. வீட்டுச் சண்டை வராது. இதைத் தலைகீழாக்கி, ஈரக் களிசானோடு கல்லறைகளுக்கு நடுவில் செல்ஃபி எடுப்பது பார்க்கச் சகிக்காது.

அடுத்தது, ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலில் இறந்தவர்கள் எல்லாரும் இங்கேதான் என்று நம்பி வருவது. யப்பானியத் தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்ததும் 1942 ஏப்ரல் 8 இரவு அது திருகோணமலையை விட்டுத் தெற்கே போனது. அதன் விமானங்கள் கரையில் நின்றுவிட்டன. மறுநாள் காலை திருகோணமலையில் குண்டு விழுந்தது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸும் அகப்பட்டது. தன்னைக் காக்கத் தன் விமானம் ஒன்றுகூட இல்லாமல் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். துணைக்குப் போன வம்பயர் என்ற அவுஸ்திரேலியக் கப்பலும் தப்பவில்லை. கடலோடு போனவர்களுக்குக் கல்லறை கிடையாது. போர்ட்ஸ்மத், பிளிமத் போன்ற பிரித்தானியத் துறைமுக நகரங்களின் நினைவுத்தூண்களில்தான் அவர்கள் பெயர் இருக்கிறது. யாரையாவது தேடுவதானால் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையதளத்தில் பெயரைத் தட்டி, எந்த வரிசை என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஹேர்மிஸ் கப்பலையும் ஒருக்கால் சுழியோடிப் பார்க்கலாம் என்று சிலர் திருகோணமலையில் விசாரிப்பார்கள். அது மட்டக்களப்புக் கடலில், சுமார் 50 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. விடுமுறைக்குப் பழகிய சுழியோட்டம் அதற்குக் காணாது.

மயானத்தில் புல் வெட்டி, கற்களை வரிசை குலையாமல் வைத்திருப்பதைப் பார்த்தால், இராணுவம் இடித்தழித்த கோப்பாய் மாவீரர் துயிலுமில்லம் ஞாபகம் வரும். வராமல் எப்படி? அந்தக் கோபத்தை அங்கே தண்ணீர் ஊற்றுகிற தொழிலாளியிடம் கொட்டாதீர்கள்.

துறைமுகத்தில் இருப்பது இன்றைக்கும் இயங்குகிற கடற்படைத் தளம். அனுமதி இல்லாமல் உள்ளே போகவோ, வாசலில் நின்று படம் எடுக்கவோ பார்க்க வேண்டாம். அடையாள அட்டை எல்லாரிடமும் இருக்கட்டும்.